மதில் இல்லாத மைதானம்

1996ல் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்றும் சேர்ந்து நடத்திய கிரிக்கெட் உலகக் கோப்பைக்கு வெறும் உலகக் கோப்பை என்று பெயர் கிடையாது. வில்ஸ் உலகக் கோப்பை. செய்தி வாசிப்பவர் அப்படித்தான் சொன்னார். செய்தித்தாளில் அப்படித்தான் போட்டார்கள். வேம்பாரில் நாங்களும் அப்படித்தான் சொன்னோம். பெங்களூரு காலிறுதியில் வெங்கடேஷ் பிரசாத் ஆமிர் சொஹைலின் ஸ்டம்பைப் பெயர்த்த மறுநாள், கடற்கரை மணலில் ஓலை மட்டையை வைத்துக்கொண்டு நாங்கள் ஆடிய ஆட்டத்துக்கும் வில்ஸ் கப் என்றே பெயர். எங்களில் மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். எனக்கு ஏழு. வில்ஸ் என்பது ஒரு சிகரெட் என்று எல்லாருக்கும் தெரியும். கடையில் கேட்டால் கொடுப்பார்கள். அது ஏன் கோப்பையின் பெயராக இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் நல்லெண்ணெய்க் கம்பெனி காலண்டர் தருவதில்லையா, அதுமாதிரி.

எங்கள் கடற்கரையில் ஆன்டெனாவைக் கொஞ்சம் தெற்கே திருப்பினால் ரூபவாஹினி வரும். இறுதியாட்டத்தில் இலங்கை ஜெயித்தபோது சிங்களத்தில் அவர்கள் கத்தியதை நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம். எதுவும் புரியவில்லை, 'வில்ஸ்' என்ற சொல்லைத் தவிர.

அந்தச் சொல் எப்படி எங்கள் மணலுக்கு வந்தது என்பது நூறு வருஷத்துக் கதை. அதைத் தெரிந்துகொள்ளாமல், இன்று பையன்கள் ஆடும் இடத்துக்குப் பக்கத்தில் புகையிலை விற்கலாமா கூடாதா என்ற பேச்சு வெறும் ஒழுக்க உபதேசமாகத்தான் இருக்கும். எனக்கு உபதேசத்தில் ஆர்வமில்லை. நான் மென்பொருள் எழுதுகிறவன். ஒரு விதி எழுதப்பட்டால் அது எந்த இடத்தில் வேலை செய்யாமல் போகிறது என்று பார்ப்பதுதான் எனக்குப் பழக்கம்.

*

விளையாட்டு வீரனையும் சிகரெட்டையும் முதலில் சேர்த்துவைத்தது ஓர் அட்டைத்துண்டு. 1880களில் அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் மெல்லிய காகிதப் பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே கெட்டி அட்டை வைத்தார்கள். சும்மா கிடக்கிற அட்டையில் படம் போட்டால் என்ன என்று யாருக்கோ தோன்றியது. பேஸ்பால் வீரர்கள், குத்துச்சண்டை வீரர்கள், நடிகைகள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து வில்ஸ் கம்பெனி 1896ல் 50 கிரிக்கெட் வீரர்களின் படங்களை வெளியிட்டது. முழு செட் வேண்டுமென்றால் பாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அட்டைகளைச் சேர்த்தவர்களில் பெரும் பங்கு சிறுவர்கள். அப்பாவிடம், மாமாவிடம், தெருவில் போகிறவரிடமெல்லாம் கேட்டு வாங்கினார்கள். சிகரெட் பிடிக்காத வயதில் பிராண்டின் பெயர் மனப்பாடம் ஆகிவிட்டது.

இங்கே ஒரு கிளைக்கதை. ஹோனஸ் வாக்னர் என்று ஒரு பேஸ்பால் ஆட்டக்காரர். 1909ல் அவர் படத்தோடு வந்த சிகரெட் அட்டையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அட்டைக்காகப் பிள்ளைகள் சிகரெட் வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பது காரணமாகப் பரவலாகச் சொல்லப்படுவது. காசு விவகாரம்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஏனென்றால் மனிதர் தானே புகையிலை மென்றவர். எதுவாக இருந்தாலும் அச்சான கொஞ்சம் அட்டைகள் அபூர்வமாகிவிட்டன. 2022ல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. புகையிலை வேண்டாம் என்றவரின் படம்தான் புகையிலை அட்டைகளிலேயே விலை கூடியதாக நிற்கிறது.

வில்ஸும் வேறு சில பிரிட்டிஷ் கம்பெனிகளும் 1901ல் சேர்ந்து இம்பீரியல் டொபாக்கோ ஆயின. 1910ல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஆஃப் இந்தியா பிறந்தது. 1970ல் அது இந்தியா டொபாக்கோ கம்பெனி ஆகி, பிறகு மூன்று எழுத்தாகச் சுருங்கியது: ஐடிசி. பெயர் சுருங்கச் சுருங்க அதிலிருந்து புகையிலை காணாமல் போனதைக் கவனிக்கலாம்.

ஆனால் கம்பெனிகள் விளையாட்டைத் தேடி வந்ததன் உண்மையான காரணம் தொலைக்காட்சி. 1965ல் பிரிட்டன் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரத்தைத் தடை செய்தது. நான்கே வருஷத்தில், 1969ல், ஜான் பிளேயர் லீக் என்ற ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் போட்டி ஆரம்பமானது. ஜான் பிளேயர் ஒரு சிகரெட். பிறகு பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் கோப்பை. அதுவும் சிகரெட். விளம்பரம் கூடாது என்றார்கள், சரி. போட்டியின் பெயரைச் சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. ஒரு கதவை அடைத்தால் பக்கத்து ஜன்னல் வழியாக வருவது. நிரல் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். விதியில் சொல்லாமல் விட்ட ஒரு நிலைமையை எதிராளி கண்டுபிடித்துவிட்டால், அவனுக்கு அதுவே ராஜபாட்டை.

இந்தியாவிலும் அதே கதைதான். தூர்தர்ஷனில் சிகரெட் விளம்பரம் போட முடியாது. ஆனால் 1977–78 பருவத்தில் ஆரம்பித்த வில்ஸ் டிராஃபியின் ஸ்கோரை யாரும் சொல்லாமல் இருக்க முடியாது. தொண்ணூறுகளில் இந்திய அணியின் சட்டையிலேயே வில்ஸ் என்று எழுதியிருந்தது. பாக்கெட்டில் சட்டப்படி இருக்க வேண்டிய எச்சரிக்கை வாசகம் சட்டையில் இல்லை. எங்கள் தெருவில் ஓர் அண்ணன் தூத்துக்குடியிலிருந்து அந்தச் சட்டையின் போலியை வாங்கிக்கொண்டு வந்தான். அதில் எழுத்து 'வில்' என்றுதான் தெரியும். கடைசி எழுத்து முதல் சலவையிலேயே போய்விட்டது. இருந்தாலும் அதைப் போட்டுக்கொண்டு வந்தால் அவனுக்குத்தான் முதல் ஓவர்.

சச்சின் டெண்டுல்கர் பின்னாளில் சொன்ன ஒரு விஷயம் இதில் முக்கியம். புகையிலையை விளம்பரப்படுத்த மாட்டேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். 1996ல் அவர் மட்டையில் ஸ்டிக்கர் எதுவும் இல்லை. அணியில் மற்றவர்கள் மட்டையில் வில்ஸும் ஃபோர் ஸ்கொயரும் இருந்தபோது தான் வெறும் மட்டையோடு ஆடியதாகச் சொன்னார். நம்ம ஊர் எம்ஆர்எஃப் ஸ்டிக்கர் அதற்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டதுதான். இதை வாசித்தபோது எனக்கு மரியாதையும் வந்தது, ஒரு சங்கடமும் வந்தது. மட்டை அவருடையது. சட்டை வாரியத்துடையது. தொண்ணூறுகளின் கடைசியில் அவர் அடித்த ஒருநாள் சதங்களை இன்று யூடியூபில் பார்த்தால், மட்டையில் டயர் கம்பெனியும் சட்டையில் சிகரெட் கம்பெனியும் ஒரே சட்டகத்தில் நிற்கும். தனிமனிதனின் வாக்குக்கு எல்லை அவ்வளவுதான். மிச்சம் சட்டத்தின் வேலை.

அதே 1996ல் உலக சுகாதார நிறுவனம் மே 31 புகையிலை எதிர்ப்பு நாளுக்கு எடுத்த கருப்பொருள், புகையிலை இல்லாத விளையாட்டும் கலையும். வில்ஸ் உலகக் கோப்பை முடிந்து இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. அந்த வருஷமே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கோவாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. வைத்யா, நாயக், வைத்யா என்று மூவர் எழுதியது. முந்தைய வருஷம் நியூசிலாந்து அணி இந்தியாவில் ஆடிய, வில்ஸ் ஆதரித்த தொடரைப் பார்த்த பள்ளிப் பிள்ளைகளிடம் போய்க் கேட்டார்கள். தொடரைப் பார்த்த பிள்ளைகளிடம் சிகரெட்டைச் சோதித்துப் பார்க்கும் போக்கு கூடியிருந்தது. சிகரெட் பிடித்தால் ஆட்டம் மேம்படும் என்ற எண்ணம்கூடச் சில பிள்ளைகளுக்கு இருந்தது. நாங்கள் ஓலை மட்டையோடு நின்ற அதே காலம். எங்களை யாரும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோவாப் பிள்ளைகள் சொன்னதிலிருந்து அதிகம் விலகியிருக்காது என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனியாக ஒரு பங்கு உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய அரசு டென்னிஸ் அரங்கம். 1997லிருந்து 2001 வரை அங்கே வருஷாவருஷம் நடந்த சர்வதேசப் போட்டியின் பெயர் கோல்டு ஃப்ளேக் ஓப்பன். பாட்ரிக் ராஃப்டர் வந்து ஜெயித்தார். பயஸும் பூபதியும் முதல் மூன்று வருஷமும் இரட்டையர் கோப்பையைத் தூக்கினார்கள். நம் டென்னிஸுக்கு அது பொற்காலம் என்று சொல்கிறவர்கள் உண்டு, தப்பில்லை. ஆனால் அரசு கட்டிய அரங்கத்தில் ஒரு சிகரெட்டின் பெயர் ஐந்து வருஷம் விளையாட்டின் பெயராகவே இருந்தது. 2002ல் அது டாடா ஓப்பன் ஆனது. டென்னிஸ் செத்துப் போய்விடவில்லை. புகையிலைக் காசு இல்லாவிட்டால் விளையாட்டு படுத்துவிடும் என்று அதுவரை சொல்லிவந்தவர்கள் அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை.

*

2001 தொடக்கத்தில் மத்திய அரசு புகையிலை விளம்பரத்துக்கும் விளையாட்டு ஆதரவுக்கும் தடை கொண்டுவரப் போவதாக அறிவித்ததும், ஐடிசி தானாகவே விளையாட்டு ஆதரவிலிருந்து விலகியது. இந்தியச் சட்டையில் வில்ஸ் போய் சகாரா வந்தது. நவம்பரில் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் பொது இடங்களில் புகைக்கத் தடை விதித்தது. அந்தப் பட்டியலில் கலையரங்கம் உண்டு, மருத்துவமனை உண்டு, பள்ளி, நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், ரயில், பஸ் எல்லாம் உண்டு. விளையாட்டு மைதானம் இல்லை.

2003ல் சட்டம் வந்தது. சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம். விளம்பரமும் விளையாட்டு ஆதரவும் 2004 மே 1 முதல் தடை. 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது. பொது இடத்தில் புகைக்கக் கூடாது. பொது இடம் என்றால் என்ன என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டு, கடைசியில் திறந்தவெளி இதில் சேராது என்று ஒரு வால் ஒட்டியிருந்தது. கபடியிலிருந்து கால்பந்து வரை நம் ஊர்ப் பிள்ளைகள் ஆடுவது எல்லாமே திறந்தவெளியில்தான். ஒரே வாலில் அத்தனையும் வெளியே போய்விட்டன.

அந்த வாலை நறுக்கியது 2008 அக்டோபர் 2ல் நடைமுறைக்கு வந்த விதிகள். அப்போது மத்திய சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ். சினிமாவில் ரஜினி சிகரெட் பிடிக்கலாமா என்ற சண்டையில் இங்கே பலருக்கு அவர் மேல் எரிச்சல் இருந்தது. அந்த எரிச்சலில் இந்த வரி கவனிக்கப்படாமல் போய்விட்டது: திறந்தவெளி என்ற விலக்கு, திறந்தவெளி அரங்கம், ஸ்டேடியம், ரயில் நிலையம், பஸ் நிறுத்தம் முதலிய மக்கள் வந்துபோகும் இடங்களுக்குப் பொருந்தாது. ஸ்டேடியம் என்ற சொல் அங்கேதான் வெளிப்படையாக உள்ளே வந்தது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம்.

நல்ல விதி. நான் அதை ஆதரிக்கிறேன். இப்போது அதை எடுத்துக்கொண்டு வேம்பாருக்கு வருவோம்.

*

வேம்பார் தூத்துக்குடி மாவட்டத்தின் வடகிழக்கு ஓரம். விளாத்திகுளம் வட்டம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் அதைத் தாண்டியதும் ராமநாதபுரம் மாவட்டம். வெளியூர்க்காரர்களுக்கு கருப்பட்டியால் தெரியும். பரதவர்களின் ஏழுகடல்துறைகளில் வடகோடி இதுதான். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இந்தக் கரையில் கால் வைத்தார்கள். முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற கரை. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, ஒரு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு நிமிஷத்துக்குள் கடலடியில் சிப்பி பொறுக்கிக்கொண்டு மேலே வர வேண்டும். மூச்சுதான் முதல். அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961ல் முடிந்தது. புகையிலையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் அதே போர்த்துக்கீசியர்தான். அக்பரின் அவைக்கு அது பிஜப்பூரிலிருந்து போனது. ஜஹாங்கீர் 1617ல் தடை போட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. தமிழில் அதற்கு ஒரு தூது இலக்கியமே உண்டு. சீனிச்சர்க்கரைப் புலவரின் புகையிலை விடு தூது. பழனி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்புகிறார் மனிதர். உ.வே.சா. அதையும் விடாமல் தேடிப் பதிப்பித்தார். ஆக, இது நேற்று வந்த பழக்கம் இல்லை. ராத்திரி கடலில் தூக்கம் வராமலிருக்கப் பீடியைப் பற்றவைக்கும் பெரியவரிடம் போய் 200 ரூபாய் ரசீதை நீட்டுவதைப் பற்றி நான் பேசவில்லை.

பேச்சு பையன்கள் ஆடும் இடத்தைப் பற்றி. எங்கள் பக்கத்துக் கரையூர்களில் ஆட்டம் எங்கே நடக்கிறது? கோயில் முன்னால் இருக்கும் வெற்றிடத்தில். கடற்கரையில் வலை காயப்போடாத பக்கத்தில். பனைவிளை ஓரத்தில். ஸ்டேடியம் என்றால் பாளையங்கோட்டைக்கோ தூத்துக்குடிக்கோ போக வேண்டும். இதே மாவட்டத்துக் கோவில்பட்டிக்கு ஹாக்கிக்கென்றே செயற்கைப் புல்தரை அரங்கம் இருக்கிறது. அங்கே வாசல் உண்டு, மதில் உண்டு, போர்டு உண்டு. வாசலுக்கு உள்ளே பற்றவைத்தால் தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். கடற்கரை மணலில் இரண்டு கம்பு நட்டால் கோல் போஸ்ட். சாயங்காலம் ஆறரைக்குக் கம்பைப் பிடுங்கிவிட்டால் மைதானமே இல்லை. 'முதலிய இடங்கள்' என்று விதியில் இருக்கிறதே, அதில் இது சேருமா? வக்கீல் சேரும் என்பார். ஏட்டையா சிரிப்பார்.

விற்பனைப் பக்கம் இன்னும் மோசம். 100 கஜம் என்பது 91.44 மீட்டர். அதை எங்கிருந்து அளப்பது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. கல்வி நிலையத்தின் வெளிமதில் அல்லது வேலியிலிருந்து ஆரமாக. அழகான ஜியாமெட்ரி. நான் ஒருநாள் ஆபீஸில் வேலை இல்லாத மத்தியானத்தில் வரைபடத்தில் எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றின் மதிலைச் சுற்றிக் கோடு போட்டு, அதிலிருந்து 91.44 மீட்டர் வெளியே தள்ளிப் பார்த்தேன். நான்கு வரி நிரல். பள்ளிக்குப் பாதுகாப்பு வளையம் கிடைத்துவிட்டது. பிறகு பையன்கள் பந்தாடும் வெற்றிடத்தில் கர்சரைக் கொண்டுபோய் வைத்தேன். எந்தப் புள்ளியிலிருந்து அளக்க? மதில் இல்லை, வேலி இல்லை. கல்வி நிலையமும் இல்லை. நாலரை மணிக்கு மணியடித்ததும் பிள்ளைகள் சட்டத்தின் வட்டத்தை விட்டு வெளியே வந்து, வட்டமே இல்லாத இடத்துக்குப் போய்விடுகிறார்கள். மிச்ச நாள் பூராவும் அங்கேதான்.

ஓரத்தில் ஒரு கடை இருக்கும். எல்லா மைதானத்துக்கும் இருக்கும். தண்ணீர் பாக்கெட், கடலை மிட்டாய், ஊறுகாய், ஷாம்பு, சில்லறை சிகரெட். முன்னெல்லாம் தேங்காய் நார்க் கயிற்றின் நுனி எப்போதும் கனன்றுகொண்டிருக்கும், இப்போது லைட்டரை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். (20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை 2023 ஜூனில் மத்திய அரசு தடை செய்தது. யாருடைய நுரையீரலுக்காகவும் இல்லை. கோவில்பட்டி, சிவகாசி தீப்பெட்டித் தொழிலைக் காப்பாற்ற. ஒரு தடை எவ்வளவு சீக்கிரம் வரும் என்பது அதைக் கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது.) பையன்கள் ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்க வருவது அந்தக் கடைக்குத்தான். தண்ணீர் பாக்கெட்டும் மற்றதும் ஒரே கையிலிருந்துதான் வரும்.

*

புகை என்றால் தெரியும். வாடை வரும். வீட்டில் அடி விழும். அதனாலேயே பதின்ம வயதுக்காரனுக்குச் சிகரெட் கொஞ்சம் கஷ்டமான பொருள். இப்போது மைதான ஓரத்தில் நடப்பது வேறு. கூல் லிப் என்று ஒன்று. டீ பேக் மாதிரி குட்டிப் பை. உள்ளே வாசனையூட்டிய புகையிலை. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிக்கொண்டால் போதும். மெல்ல வேண்டாம், துப்ப வேண்டாம், புகை கிடையாது. வகுப்பில் உட்காரலாம். பந்தும் போடலாம். பந்து போட ஓடிவருகிற பையன் மேலுதடு லேசாக உப்பியிருப்பதை, பழகியவர்கள் பவுண்டரி கோட்டிலிருந்தே கண்டுபிடிப்பார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு கோச் என்னிடம் சொன்னார்: "முந்தி பயலுவ வாய மோந்து பாப்பேன். இப்ப உதட்டத் தூக்கிப் பாக்க வேண்டியிருக்கு, தம்பி. மாட்டு வியாபாரி கணக்கா."

தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலா வகையறாக்களுக்கு 2013 மே முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை இருக்கிறது. வருஷாவருஷம் புதுப்பிக்கும் தடை. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்துக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. 2024 செப்டம்பரில் ஒரு ஜாமீன் மனுவை விசாரித்த மதுரைக் கிளை நீதிபதி பரத சக்கரவர்த்தி, பள்ளிப் பிள்ளைகளிடம் கூல் லிப் பரவியிருப்பதைக் குறிப்பிட்டு, இதை நாடு முழுக்க ஏன் தடை செய்யக் கூடாது என்று அரசையும் தயாரிப்பாளர்களையும் கேட்டார். இங்கே தடை, பக்கத்து மாநிலத்தில் உற்பத்தி. நடுவில் லாரி போக எவ்வளவு நேரம் ஆகும்? பீடி இலைக்கும் இதே கணக்கு உண்டு, திசைதான் வேறு. இலங்கையில் அதற்கு இறக்குமதித் தீர்வை ஜாஸ்தி என்பதால் எங்கள் கரையிலிருந்து மூட்டை மூட்டையாக ராத்திரியில் படகேறுகிறது. அடிக்கடி பிடிக்கிறார்கள், அடிக்கடி போகிறது.

வேப்பிங் பற்றி ஒரு பத்தி போதும். தமிழ்நாடு 2018 செப்டம்பரில் மின் சிகரெட்டைத் தடை செய்தது. அடுத்த செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு, டிசம்பரில் அதைச் சட்டமாக்கியது. விற்றால் முதல் முறை ஒரு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். சென்னை ஓஎம்ஆரில் என்னோடு வேலை பார்ப்பவர்களில் இரண்டு பேரிடம் பென் டிரைவ் மாதிரி ஒன்று இருக்கிறது, மாம்பழ வாசனை அடிக்கும். வேம்பாருக்கு அது இன்னும் வரவில்லை. சட்டத்துக்குப் பயந்து அல்ல, விலைக்குப் பயந்து. விலை குறைகிற பொருள் இது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

விதியை மதிலோடு கட்டாமல் ஆட்டத்தோடு கட்டிய ஊர் ஒன்று உண்டு. அமெரிக்க பேஸ்பாலில் மெல்லும் புகையிலை ஒரு சடங்கு மாதிரி. சான் டியாகோவின் பெரிய ஆட்டக்காரர் டோனி க்வின் 2014ல் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயில் இறந்தார். புகையிலை மென்றதுதான் காரணம் என்று அவரே நம்பினார். மறு வருஷம் சான் பிரான்சிஸ்கோ நகரம், பெரிய அரங்கத்திலிருந்து சின்னப் பிள்ளைகள் ஆடும் திடல்வரை எல்லா விளையாட்டு இடங்களிலும் மெல்லும் புகையிலையைத் தடை செய்தது. பாஸ்டன், லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க், சிகாகோ எல்லாம் பின்னால் வந்தன. இதில் எனக்குப் பிடித்தது, அந்த விதி முதலில் அரங்கத்தில் ஆடும் பணக்கார வீரனைத் தொட்டது, அப்புறம்தான் திடலுக்கு வந்தது. பிள்ளை யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறான் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

இங்கே நேர்மாறு. திடலோரக் கடைக்காரிக்கு அபராதம் உண்டு. ஐபிஎல் பார்க்கும் பையனுக்கோ, ஓவருக்கு ஓவர் வெள்ளித்தாள் ஒட்டிய ஏலக்காய் விளம்பரம் வருகிறது. ஏலக்காய்க்கு இவ்வளவு நட்சத்திரங்கள் எதற்கு என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். அதே பெயரில் கடையில் தொங்குவது வேறு. 2025 மார்ச்சில் மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநர் அதுல் கோயல் ஐபிஎல் தலைவருக்குக் கடிதம் எழுதினார்: புகையிலை, மது விளம்பரங்களை, மறைமுக விளம்பரங்களையும் சேர்த்து, அரங்கத்திலும் ஒளிபரப்பிலும் நிறுத்துங்கள் என்று. கடிதம். 1965ல் பிரிட்டனில் அடைத்த கதவுக்கு 1969ல் திறந்த ஜன்னல் இன்னும் திறந்தே இருக்கிறது. திரைச்சீலையில் மட்டும் ஏலக்காய்ப் படம்.

தமிழ்நாட்டில் புகையிலை பயன்படுத்தும் பெரியவர்கள் 2009–10 கணக்கெடுப்பில் 16.2 சதவீதம். 2016–17ல் 20 சதவீதம். இந்தியா முழுக்க 34.6லிருந்து 28.6க்கு இறங்கிய அதே காலத்தில் இங்கே ஏறியிருக்கிறது. நல்ல பொது சுகாதாரம் உள்ள மாநிலம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம், அதில் உண்மையும் இருக்கிறது. அதனால்தான் இந்த எண் உறுத்துகிறது.

*

எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில், ஊர்ப் பெயர் வேண்டாம், கோயில் திருவிழாவுக்கு இரண்டு நாள் கால்பந்துப் போட்டி. கமிட்டிப் பையன்கள் எல்லாரும் இருபதை ஒட்டிய வயது. நோட்டீஸில் விதிமுறைகள் அச்சடித்திருந்தார்கள். நடுவர் தீர்ப்பே இறுதியானது, தகராறு செய்யும் அணி நீக்கப்படும், மைதானத்துக்குள் மது, புகையிலை, கூல் லிப் கூடாது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். சட்டத்தில் இல்லாத திடலை நோட்டீஸில் கொண்டுவந்துவிட்டார்களே. ஆனால் ஆட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் சுண்ணாம்புத் தூள் போடும்போது பிரச்சனை வந்தது. மைதானம் எதுவரை? ஆட்டக் கோடு வரையா, ஆட்கள் நிற்கிற இடம் வரையா? வெளியே இன்னொரு கோடு போடலாம் என்று முடிவானது. கோலிக்குப் பின்னால் நாற்பது எட்டு என்று ஒருவன் நடந்தே அளந்தான். முப்பத்தைந்தாவது எட்டில் கடை.

கடை ஒரு விதவை அக்காவுடையது. பரிசுக் கோப்பைகளில் மூன்றாம் பரிசு அவர் கொடுத்தது. ஃப்ளெக்ஸில் அவர் பெயரும் இருந்தது. 1996ல் பெரிய கம்பெனி செய்ததைத்தான் சிறிய அளவில் இவரும் செய்கிறார் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அவருக்கு ஒரு சிகரெட்டில் கிடைப்பது சில்லறை. ஆனால் பெட்டியே அந்தச் சில்லறையில்தான் ஓடுகிறது என்பதும் உண்மை.

"யக்கா, கோடு கடையத் தாண்டிப் போவுது."

"போவட்டும். அதுக்கு நான் என்னல செய்ய?"

"உள்ள இருந்தா நோட்டீஸ்ல போட்டது கடைக்கும் சேரும்லா."

"ஏன், வளச்சுப் போடேன். சுண்ணாம்பு ஒங்கையிலதான இருக்கு?"

ஒருவன் வளைத்துப் போடலாம் என்றான். இன்னொருவன், வளைத்துப் போட்டால் பார்க்கிறவன் சிரிப்பான் என்றான். சுண்ணாம்பு வாளியை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் கோடு நேராகவே போனது. அக்கா உள்ளே திரும்பி, தொங்கிக்கொண்டிருந்த சரங்களைக் கழற்றி, சிகரெட் பெட்டிகளோடு சேர்த்து ஒரு அரிசிச் சாக்கில் போட்டு, பலகைக்குக் கீழே தள்ளினார்.

"ரெண்டு நாளைக்குத்தாம்ல. திங்கக்கெழம வந்து ஒண்ணும் கேக்கப்பிடாது."